பொம்மைக்கு நடுங்கத் தெரியாது

"விரல் எங்கப்பா இருக்கு? விசையை விட்டு வெளியே எடு!"

பயிற்சி தரும் மேடத்தின் குரலில் பிளைவுட் சுவர்களே அதிர்ந்தன. கதவை உதைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்த மூன்று பயிற்சிக் காவலர்களும் அப்படியே நின்றார்கள். கையிலிருந்தவை குண்டே போட முடியாத நீலநிறப் பயிற்சித் துப்பாக்கிகள்தான். ஆனாலும் மேடத்துக்கு எல்லாத் துப்பாக்கியும் துப்பாக்கிதான்.

அறையின் நடுவே ஒரு நாற்காலி. அதில் கைகள் தளர்வாகக் கட்டப்பட்டுப் பணயக் கைதி உட்கார்ந்திருந்தார். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கைதி சார்'. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க 'சத்தம் போடாதீங்க' என்று ஊரையே அடக்கிய மனிதருக்குக் கடைசியில் வாய்த்த வேலை இது. கடத்தப்பட்டவர் போல அவர் உட்கார்ந்து நடுங்க வேண்டும். காவலர்கள் வந்து மீட்டுப் பழக வேண்டும்.

சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் அவர் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. இங்கே வந்து உட்கார்ந்தால்தான் மனிதக் குரல் ஒன்று அவரிடம் பேசுகிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் அவ்வப்போது உறுமும்.

இன்றைக்கு அந்த நாற்காலிக்கும் ஆபத்து. மூலையில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியிருந்தது. உள்ளே ஆள் உயர ரப்பர் பொம்மை. 'இனி ஆள் எதற்கு, பொம்மையை வைத்தே பயிற்சி நடத்தலாமே' என்று அலுவலகம் கேட்டிருக்கிறது. வகுப்பு முடிவதற்குள் மேடம் பதில் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து கைதி சார் நடிக்காமலேயே நடுங்கிக்கொண்டிருந்தார்.

"மறுபடி!" என்றார் மேடம்.

கதவு படாரென்று திறந்தது. மூவரும் மூலைக்கு மூலை பார்த்தார்கள். விரல்கள் விசைக்கு வெளியே, துப்பாக்கி முனைகள் தரையை நோக்கி. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"ரூம் க்ளியர்!"

"அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம். முடிஞ்சுது."

"அப்ப இவரு?"

உயரமானவனுக்கு அப்போதுதான் நாற்காலி ஞாபகம் வந்தது. "வாங்க சார், போலாம்" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தான். கைதி சார் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முரண்டு பிடித்தார்.

"வரமாட்டேங்கறாரு மேடம்!"

"எப்படி வருவாரு? கதவை உதைச்சிக்கிட்டு வந்து நிக்கற. நீ காப்பாத்த வந்தவனா, கடத்த வந்தவனா, அவருக்கு எப்படித் தெரியும்? சுடறதுக்கு யார் வேணா சொல்லிக்குடுப்பாங்க. சுடாம நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு கத்துக்கத்தான் என்கிட்ட வந்திருக்கீங்க."

"நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க மேடம்."

கைதி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேடம் வெளியே போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடது மூலை, வலது மூலை, கதவுக்குப் பின்னால். பிறகு துப்பாக்கியை உறையில் செருகிவிட்டு, நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். தோளில் கை வைத்தார்.

"பயப்படாதீங்க. நான் வந்துட்டேன். எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். தனியா."

மேடத்தின் கை தோளிலேயே இருந்தது. "தூங்கினீங்களா?"

"தூக்கம் எங்க வருது?"

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா. கேக்கத்தான் ஆளில்ல."

காவலர்கள் சிரித்துவிட்டார்கள். "சார் நடிப்புல பின்றாருடா!" என்றான் உயரமானவன்.

மேடம் சிரிக்கவில்லை. கட்டை அவிழ்த்தார். "என் கையைப் பிடிச்சுக்குங்க. மெதுவா எழுந்திருங்க. நான் விடமாட்டேன்."

முரண்டெல்லாம் எங்கே போனதோ, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி கைதி சார் கூடவே நடந்தார். வாசல் வரைக்கும் போவதற்கு அவ்வளவு நேரம் தேவையே இல்லை. இருவருமே அவசரப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர்காரர் தலையை நீட்டினார். "மேடம், பொம்மையைப் பிரிச்சு வச்சிடவா?"

கைதி சார் மேடத்தின் கையை இறுகப் பிடித்தார். இதோ, முடிந்தது.

"வேணாம். திருப்பி அனுப்பிடுங்க."

"ஆபீஸ்ல காரணம் கேப்பாங்களே?"

"பொம்மைக்கு நடுங்கத் தெரியாதுன்னு சொல்லுங்க. தோள்ல கை வச்சா பயம் ஏறுதா இறங்குதான்னு இந்தப் பசங்க கைக்குத் தெரியணும். அதை ரப்பர்கிட்ட கத்துக்க முடியாது. இவரே இருக்கட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது கைதி சாருக்கு. "ரொம்ப நன்றி மேடம்" என்றார். மேடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு, "மறுபடி!" என்று காவலர்கள் பக்கம் திரும்பினார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு மேடம் காரை எடுத்தார். கைதி சார் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். வழியில் ஒரு பேச்சு இல்லை. வீடு வந்ததும் பூட்டைத் திறந்து, அவர் ஓர் அறைக்கும், அவர் மனைவியான மேடம் இன்னோர் அறைக்குமாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சண்டை என்று எதுவும் இல்லை; மகள் கல்யாணமாகிப் போனதோடு இருவருக்கும் இடையில் பேச்சும் போய்விட்டது, அவ்வளவுதான். இனி திங்கட்கிழமை அவள் துப்பாக்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள்.