குசும்புக்கு எங்கே கட்டம்?

"இது என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்?" டாக்டர் ஒரு சீப்பைத் தூக்கிக் காட்டினார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கண்டக்டர், டாக்டரின் வழுக்கைத் தலையைப் பார்த்தார். "அது உங்களுக்கு எதுக்கு சார்?"

பக்கத்தில் நின்ற மனைவி குபீரென்று சிரித்துவிட்டாள். பஸ் படியிலிருந்து விழுந்து அவர் தலையில் அடிபட்டு இருபத்துமூன்று நாளாகிறது. அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சாவியை எடுத்தார். "சரி, இது?"

"கையில வச்சிருக்கிற உங்களுக்கே தெரியலையா?"

அடுத்து மனைவியைக் காட்டினார். "இவங்க யாரு?"

"அவங்களையே கேளுங்க. வாய் இருக்கில்ல?"

டாக்டர் பேனாவைப் படிவத்தின் மேல் நிறுத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "தெரியலைன்னு எழுதவா, தெரிஞ்சும் சொல்லலைன்னு எழுதவா? தெரியலைன்னா இன்னும் ஒரு மாசம் இங்கதாம்மா."

இன்னும் ஒரு மாசமா? வராந்தா பெஞ்சில் படுத்துப் படுத்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

"ஐயோ, இது குசும்பு சார்!"

"குசும்புக்கு இதுல கட்டம் இல்லையேம்மா. கிண்டல்னு சொல்றீங்களா?"

"கிண்டல் யார் வேணா பண்ணலாம் சார். குசும்புன்னா... மரியாதையைக் கொஞ்சம் குறைச்சு, உரிமையைக் கொஞ்சம் கூட்டிக்கறது. எங்க அப்பாவையே பஸ்ல, 'யாரு பெரியவரே நீங்க, டிக்கெட் எங்க?'ன்னு நிக்க வச்ச மனுஷன் இவரு. அப்போ இடது புருவம் தானா மேல ஏறும். அதான் அடையாளம்."

"அந்தப் புருவத்து மேலதான் கட்டு இருக்கே?"

"உள்ள ஏறித்தான் இருக்கும். பதினாறு வருஷமா பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டர் 'தெரிந்தும் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் கட்டைப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். டாக்ஸியில் ஏறியதும் அவள் கண்ணை மூடிச் சாய்ந்தாள். வீட்டுக்குப் போனதும் தூங்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கண்டக்டர் ஜன்னலோரமாக ஒதுங்கி, அவளுக்குத் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எங்க இறங்கணும்மா?"

"இந்தக் குசும்பு மட்டும் உங்களை விட்டுப் போகாதே!"

சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

இடது புருவம் அசையவே இல்லை. பதிலுக்காக அவர் மரியாதையாகக் காத்திருந்தார்.