முன்கூட்டியே ஓர் இரங்கல்

"நாளைக் காலையில ஐயா காலமாகிறார்னு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல கணிப்பு வந்திருக்கும்மா. அது இதுவரைக்கும் தப்பினதில்லே. ஆனா சட்டசபைக் கூட்டம் இன்னையோட முடியுது. அதனால இரங்கல் தீர்மானத்தை இப்பவே நிறைவேத்திட்டோம்" என்றார், முகத்தில் துக்கத்தை ஒட்டிக்கொண்டு வந்திருந்த சபைச் செயலக அதிகாரி.

மரகதவல்லி கட்டிலைப் பார்த்தாள். அவள் கணவர், முன்னாள் எம்.எல்.ஏ. சிங்காரவடிவேல், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து, டிவியில் தன் இரங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷ மௌனம்னுட்டு நாப்பதே செகண்ட்ல உட்கார்ந்துட்டானுங்க, பாவிங்க!"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "தீர்மானம் ஆன கையோட அறையைக் காலி செய்யணும். முன்னாள் உறுப்பினர் சலுகை உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான். ஆக்சிஜனையும் நிறுத்திடணும்."

"மனுஷன் பேசிட்டிருக்காருய்யா! உனக்குக் கண்ணில்லே?"

"இருக்கும்மா. விதியும் இருக்கே. ஒம்பது வருஷம் முன்னாடி ஒருமனதா நிறைவேறினது."

மரகதவல்லி புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க சபையிலதானே இருந்தீங்க?"

அவர் டிவியை அணைத்தார்.

"தூங்கிட்டிருந்தேன், மரகதம். சத்தம் கேட்டு முழிச்சேன். எல்லாரும் மேசையைத் தட்டினாங்க, நானும் தட்டினேன். எதுக்குன்னு யாரு கேட்டா?"

நர்ஸ் குழாயைக் கழற்றக் கை நீட்டினாள். மரகதவல்லி ஒரு கையால் அதை அவர் மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாப்பாட்டு மேசையை இழுத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"இன்னைக்கும் தட்டுங்களேன், பார்ப்போம்!"