வேலைச் சாமான்

"அம்மா, ஆமிச் செக்கிங் வந்திட்டுது! கீழ்வீட்டில நிக்கிறாங்கள். என்ர வேலைச் சாமானைக் காணேல்லை!"

அருந்ததி பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினாள்.

"காணாட்டி நல்லதுதானே. இல்லாததை அவங்கள் எப்படிப் பிடிக்கிறது?" தலையில் ஈரத் துவாயோடு சிரித்தாள் ஜெகதீஸ்வரி.

"பகிடி விடாதேங்கோ அம்மா. நான் எடுக்காட்டி அவங்கள் எடுப்பாங்கள்."

அருந்ததிக்கு ஜெனீவாவில் ஆய்வுகூட வேலை. லீவில் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தவள், பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று தலைமயிர்த் தடிப்பான ஒளி நார்களின் கற்றை ஒன்று கொண்டுவந்திருந்தாள். அணுத்துகள்கள் மோதும்போது கருவிகள் உணர்வதையெல்லாம் வெளிச்சமாகக் கணினிக்குக் கொண்டுபோவது அந்த நார்தான்.

இதை ஆமிக்காரனுக்கு எப்படி விளக்குவது? 'நிலத்துக்கு அடியில் மோத விடுகிறோம், சிக்னல் மேலே வரும்' என்று வாய் திறந்தாலே ஜீப்பில் ஏற்றிவிடுவான். ரேடியோ திருத்தும் வயரோடு பிடிபட்ட பக்கத்து ஒழுங்கைப் பெடியன் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஒவ்வொரு முறையும் பிள்ளையாருக்கு ஏதாவது வாங்கி வருபவள், இம்முறை அவசரத்தில் மறந்துவிட்டாள். அதற்குத்தான் இந்தத் தண்டனையோ?

கதவு தட்டப்பட்டது. இளம் அதிகாரி ஒருவன். பின்னால் இரண்டு சிப்பாய்கள். அலுமாரி, மெத்தை, அரிசி வாளி எல்லாம் கிளறப்பட்டன. ஒவ்வொன்றும் திறபடும்போது அருந்ததிக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

அதிகாரி உள்ளறையைக் காட்டினான்.

"சாமி அறை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, மகத்தயா," என்றாள் ஜெகதீஸ்வரி சிங்களத்தில், சொந்த மகனுக்குச் சொல்வதுபோல.

'சரி, தொலைந்தோம்' என்று அருந்ததி கண்களை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா அவனை உள்ளே கூட்டிப்போனாள். பிறகு, "ஹரி லஸ்ஸனய், அம்மே!" என்று எதன் அழகையோ வியந்த குரல். பின் இருவரும் ஏதோ குசுகுசுத்தார்கள்.

வெளியே வந்தவனின் நெற்றியில் திருநீறு. இரு கைகளிலும் பத்திரமாய் ஒரு பேப்பர்ப் பொட்டலம். அம்மாவின் மோதகமாக்கும். சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

அருந்ததி கதிரையில் விழுந்தாள். "அப்பாடா! அந்தக் கற்றை எங்கதான் போச்சுது?"

"எந்தக் கற்றை பிள்ளை?"

"லைட்டைப் போட்டால் நுனியெல்லாம் மினுங்குமே, அது."

"அதுவோ? பிள்ளையாருக்குத்தான் கொண்டுவந்தனீ எண்டு நினைச்சு, விடியவே அவற்ர தலைக்குப் பின்னால வட்டமாய்க் கட்டிவிட்டனான். அந்தப் பொடியன் கண்டிட்டு, தங்கட ஊர்ப் பிள்ளையார் கண தெய்யோவுக்கும் வேணுமெண்டு கேட்டவன். பாவம், பாதியை வெட்டிப் பேப்பரில சுத்திக் குடுத்துவிட்டனான்!"