நான்கு விரல் பலகை

எண்பது கிலோ பார்பெல்லைத் தோளில் தாங்கி முழங்கால் மடக்கிக் கீழே இறங்கிய வெங்கடேஷ், ஒரு நிமிடமாகியும் எழவில்லை. தாராவி ஜிம்மில் இருந்தவர்கள் பதறி ஓடிவந்தனர்.

“அரே, மாட்டிக்கிட்டாரு! பாரைப் பிடிங்கப்பா!”

“மாட்டிக்கல. தயவுசெஞ்சு தொடாதீங்க” என்றார் வெங்கடேஷ், மூச்சிரைப்பிலும் பணிவு குறையாமல்.

ஜிம் உரிமையாளரான மாஸ்டர் இசக்கிப்பாண்டி அவர்களுக்கு நெஞ்சு விம்மியது. ‘மாநிலச் சாம்பியன்களின் கூடம்’ என்று வாசலில் மூன்று மொழிகளில் போர்டு எழுதி ஆறு ஆண்டுகள் ஆகியும், சாம்பியன் என்று ஒருவரும் அங்கே உருவாகியிருக்கவில்லை. இவ்வாண்டும் தவறினால் அந்தச் சொல்லை நீயே வந்து சுரண்டிக்கொள் என்று, செம்பூரில் ஜிம் நடத்தும் டென்சிலிடம் அவர் சவால் விட்டிருந்தார்.

ஆகவே வெங்கடேஷைச் சாம்பியனாக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. திங்களன்று பார் பின்தோளில். புதனன்று முன்னே, நெஞ்சோடு. வெள்ளியன்று பெட்டியின் மேல் பட்டும் படாமலும் அமரும் பாக்ஸ் ஸ்குவாட். மூன்றையும் கலந்தால்தான் தொடை தேறும் என்பது மாஸ்டரின் சித்தாந்தம்.

வெங்கடேஷுக்கு வெள்ளிதான் உயிர். பெட்டி மிகவும் வசதியாக இருக்கிறதென்று, நான்கு விரல் அகலப் பலகை ஒன்றைத் தாமே அளந்து அறுத்து வந்தார். அதன் நுனியில் ஒரு பக்கத் தொடையை மட்டும் ஒட்டிவைத்து, கண்களை மூடிக்கொள்வார். மாலை ஆறு ஐம்பதுக்கு, வீடு திரும்பக் கல்யாண் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்.

“இது தவம்ல! பாத்துப் படிங்கல!” என்று மாஸ்டர் மற்றவர்களை ஏசினார். “ஏல வெங்கடேசு, மாநிலப் போட்டியில ஒம்பேரக் குடுத்துட்டேன்.”

மறுக்கத் தெரியாத வெங்கடேஷ், “உங்க இஷ்டம் மாஸ்டர்” என்றார்.

போட்டி நாள் வந்தது. மாதுங்கா அரங்கில் வெங்கடேஷ் வெகு அழகாகக் கீழே இறங்கினார். இறங்கியவர் அப்படியே இருந்தார். கண்களையும் மூடிக்கொண்டார்.

“எந்திரில!” என்று மாஸ்டர் அலறினார். “எந்திரில மக்கா!”

முன்வரிசையில் டென்சில், பையிலிருந்து பெயின்ட் சுரண்டும் தகட்டை எடுத்து நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார். தோல்வி என்று நடுவர்களின் மூன்று சிவப்பு விளக்குகளும் எரிந்தன. உதவியாளர்கள் பாரை வாங்கிக்கொண்டார்கள்.

“தெம்பு இல்லாமப் போச்சால?”

“இன்னும் பத்து நிமிஷம் தாங்கும் மாஸ்டர்.”

“பொறவு என்ன எழவுக்குல இம்புட்டு நாளாப் பழகுன?”

“காலைல வேலைக்கு கல்யாண் லோக்கல் ரயில்ல, மூணு பேர் சீட்டு நுனியில நாலாவது ஆளா ஒட்டிக்கிட்டு வரணுமே, அதுக்குத்தான்.”

“அதுக்கு? இங்க எந்திரிக்க வேண்டியதுதானல?”

வெங்கடேஷ் மிகுந்த மரியாதையுடன் தலைகுனிந்தார்.

“எந்திரிச்சா இன்னொருத்தன் உக்காந்துடுவானே, மாஸ்டர்!”