இல்லாத வாடகைக்காரன்

"இல்லாத ஆளு குடுக்காத வாடகைக்கு நான் எதுக்குங்க வரி கட்டணும்?"

கேட்டுக்கொண்டே டைல்ஸ் கடை முதலாளி நாற்காலியில் விழுந்தார். அது முனகியது. ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை ஆபீஸில் அவர் எடையைத் தாங்க வேறு பொருள் எதுவும் கிடையாது.

எதிரில் இருந்தவரை ஊரே ஆடிட்டர் என்று கூப்பிட்டது. பரீட்சை நடத்தியவர்கள் மட்டும் கடைசி வரை அப்படிக் கூப்பிட மறுத்துவிட்டார்கள். அதனால் மற்றவர்களின் வருமான வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்துப் பிழைத்தார்.

"சட்டம் அப்படிண்ணே," என்றார் ஆடிட்டர். "உங்களுக்கு மூணு வீடு. ஒண்ணுல குடியிருக்கீங்க. இன்னொண்ணு, அண்ணியோட சண்டை வந்தா நீங்க போய்ப் படுக்குற வீடு. அந்த ரெண்டையும் சொந்தக் குடியிருப்புன்னு காட்டிட்டேன். மூணாவது பூட்டிக் கிடந்தாலும், அதுல ஒரு வாடகைக்காரன் இருக்கான்னு வரி ஆபீஸ் நெனச்சுக்கும். அவன் குடுக்குற வாடகை உங்க வருமானம்."

"அவன்தான் இல்லையே."

"இல்லைதான். ஆனா மாசம் இருபதாயிரம் கரெக்டா குடுக்குறான்."

"நல்ல பையன்."

ஆடிட்டரின் செல்போன் மேஜையில் அதிர்ந்தது. மனைவி. துண்டித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"வீட்டு வரி, ரிப்பேர் செலவுக்குன்னு முப்பது சதவீதம், லோன் வட்டி, எல்லாத்தையும் கழிச்சாச்சு. மிச்சத்துக்கு முப்பத்தேழாயிரம் வரி வருது."

முதலாளி தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். பிறகு நேராகப் பிடித்தார். இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

"முப்பத்தேழாயிரம் தண்டம். பேசாம நிஜமாவே ஒருத்தனைக் குடிவெச்சுட்டா என்ன? புரோக்கர் நச்சரிச்சுக்கிட்டே இருக்கான். சாவியைக் குடுங்க, இன்னைக்கே அவன்கிட்ட போட்டுடறேன். அப்பப்ப தொறந்து பாத்துக்கச் சொல்லி உங்ககிட்டதானே குடுத்தேன்?"

அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வரக் கூடாது. வந்தால் ஆடிட்டர் கதை கந்தல்.

"சாவி பத்திரமா இருக்குண்ணே. அவசரப்படாதீங்க. இப்ப கற்பனை வாடகை இருபது. நிஜமா விட்டீங்கன்னா முப்பது வரும். வரியும் ஏறும்."

"வாடகையும் கைக்கு வரும்ல?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்கும் கட்சிக்காரர்களை ஆடிட்டருக்கு எப்போதுமே பிடிக்காது.

"வரும்ணே. கூடவே வாடகைக்காரனும் வருவானே. செவுரு பூரா ஆணி அடிப்பான். நீங்க பாத்துப் பாத்து ஒட்டுன டைல்ஸ் மேல பீரோவைத் தரதரன்னு இழுப்பான். மூணாவது மாசம் மாமனாருக்கு ஆபரேஷன்னு வாடகையை நிறுத்துவான்."

"காலி பண்ணச் சொன்னா?"

"எங்க பண்ணுவான்? புள்ளைங்க பரீட்சை முடியட்டும்பான்."

"புள்ளைங்க வேற இருக்கா அவனுக்கு?"

"ரெண்டு," என்றார் ஆடிட்டர். உடனே, "பொதுவா சொன்னேன்," என்றார்.

"அவனுங்க புத்தி உங்களுக்கு அத்துப்படியா இருக்கே."

"இந்தத் தொழில்ல எத்தனை பேரைப் பாக்குறேன்."

போன் மறுபடி அதிர்ந்தது. மறுபடி துண்டித்தார்.

"எடுங்களேன். ஏதாவது அவசரமா இருக்கப் போவுது."

"வீட்லேருந்துதான். வரும்போது தக்காளி வாங்கிட்டு வான்னு இருக்கும்."

முதலாளி காலை ஆட்டிக்கொண்டே விட்டத்தைப் பார்த்தார். மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தரம் இருமியது.

"ஆக, நம்ம இல்லாத ஆளே தேவலைங்கிறீங்க."

"அவனை மாதிரி ஒருத்தன் கிடைப்பானாண்ணே? சத்தம் இல்ல, சண்டை இல்ல. வீட்டைக் கண்ணாடி மாதிரி வெச்சிருப்பான்."

"வெச்சிருப்பான், வெச்சிருப்பான்." முதலாளி தலையை ஆட்டினார். "சரி, ரெண்டு வருஷமா நீங்க என்கிட்ட பீஸ் கூட வாங்குறதில்ல. அப்பேர்ப்பட்ட மனுஷன் பேச்சைத் தட்டலாமா? காலியாவே கிடக்கட்டும். கையெழுத்து எங்க போடணும்?"

ஆடிட்டர் ஓடிப்போய்ப் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் முதலாளி கையெழுத்துப் போட்டார்.

"அப்படியே முப்பத்தேழாயிரத்துக்கு ஒரு செக்..."

"நான் எதுக்குத் தரணும்? அந்த இல்லாத ஆளுகிட்ட வாங்கிக் கட்டிடுங்க. வீட்டை அனுபவிக்கிறது அவன்தானே?"

ஆடிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கட்சிக்காரர் ஜோக் அடித்தால் சிரிப்பது தொழில் தர்மம். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. செக் புத்தகத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்புக்குள் காலைத் துழாவி நுழைத்தார்.

மூன்றாவது முறையாகப் போன் அதிர்ந்தது. ஆடிட்டர் துண்டிக்கக் கையை நீட்டினார்.

"கட் பண்ணாதீங்க, எடுங்க. பாவம், தங்கச்சி எத்தனை தடவைதான் அடிக்கும்? வர்ற வழியில காலி வீட்டை ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு போனேன், உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு. பெல்லை அடிச்சேன். தங்கச்சிதான் வந்து கதவைத் திறந்துச்சு."