லைன் காட்டிய வீடு

சப்-இன்ஸ்பெக்டர் நீட்டிய தாளில் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பார்த்ததும் ஜஸ்டஸ் அதை இன்னொரு முறை இலக்கம் இலக்கமாகப் படித்தான்.

எதிரே முதலாளி நஞ்சப்பன். பதினேழு வருடமாக அவருடைய தேயிலை ஃபேக்டரியில் ஜஸ்டஸ்தான் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர்.

பச்சை இலை விலை விழுந்து, குன்னூர் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருடம் அது. நஞ்சப்பன் மட்டும் மூடவில்லை. கழிவுத்தூளில் சாயமேற்றிக் கலக்கிறார்கள் என்று யாரோ பொய்ப்பெயரில் அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். அவதூறு என்று முதலாளியே போலீசுக்குப் போயிருந்தார்.

ஜஸ்டஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய்ப்பெயரில் எழுதினால் யாருக்குத் தெரியும்? மோடத்தை அணைத்துப் போட்டால் இன்டர்நெட்டில் நம்முடைய எண்ணே மாறிவிடும் என்றுதான் பிராட்பேண்ட் மாட்ட வந்த லைன்மேன் சொல்லியிருந்தார். அதையே சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டான்.

"மாறுமுங்க. ஆனா எந்த நிமிசத்துல எந்த எண் எந்த லைனுக்குப் போச்சுன்னு டெலிபோன் ஆபீஸ்ல பதிவாயிருக்கும். மார்ச் பதினொண்ணு, சனிக்கெழம, பகல் பதினொன்னே கால். அது உங்க ஊட்டு லைனுங்க."

சனிக்கிழமை.

மனைவி அன்று மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள்.

ஜஸ்டஸ் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தான். நஞ்சப்பனின் முகத்தில் இரத்தமே இல்லை. மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

அடுத்த தாளில் அந்த மின்னஞ்சலின் நகல் இருந்தது. ஜஸ்டஸ் அதை முழுவதும் படித்தான். ஒரு வரிகூடப் பொய்யில்லை. சாயத்தைக் கரைத்து ஊற்றியவை அவனுடைய கைகள். இரண்டு வருடமாக அவன் வாய் திறக்கவில்லை.

வீட்டில் அப்போது யார் இருந்தார்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நாந்தானுங்க எழுதுனேன்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். முதலாளி தலையைத் தூக்கவே இல்லை.

அந்தப் பதினொன்றே கால் மணிக்கு ஜஸ்டஸ் ஃபேக்டரியில், இலை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் தன்னோடுதான் நின்றிருந்தான் என்பது அவருக்குத் தெரியும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரமென்பதால் முதலாளியின் பங்களாவுக்கு பிராட்பேண்ட் எட்டவில்லை. அதனால் அவருடைய ஒரே மகள் பிரியா, காலேஜ் விண்ணப்பம் அனுப்ப வேண்டுமென்று சனிக்கிழமைதோறும் ஜஸ்டஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்காருவாள்.

அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவது நஞ்சப்பன்தான்.