பகிர் அல்லது பறி

திரையில் டெரக் ராம்ஸ்டனின் முகம் வந்ததும் கிளப்பில் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

மேவிஸ் தட்டவில்லை. ராம்ஸ்டன் குடும்பத்தில் யாரும் மேசையைத் தட்டுவதில்லை. முன்வரிசையில், கணவர் டெரக்கின் பக்கத்தில், கையுறையைக்கூடக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஏற்பாடே அவளுடையதுதான். பெரிய திரை, பன்றிக்கறி சாண்ட்விச், மசித்த பட்டாணி, கிளப் புல்தரையில் பந்து உருட்டி பௌல்ஸ் ஆடும் அத்தனை பேருக்கும் அழைப்பு.

டெரக் வேண்டாம் என்றுதான் சொன்னார். சளி என்றார். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"ஊரே பாக்கட்டும் டெரக். வார்த்தையைக் காப்பாத்துனது யாரு, சுருட்டிக்கிட்டுப் போனது யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

மார்ச் மாதம் மான்செஸ்டரில் இந்தத் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியைப் படம் பிடித்தார்கள். தனியாகப் போன டெரக் வெறுங்கையோடு திரும்பினார். பாதிப் பாதி என்று பேசி நம்பினாராம். எதிரே ஆடிய பெண் மொத்தத்தையும் பறித்துக்கொண்டாளாம். ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் மேவிஸ் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் சொன்னாள்.

ஏழு மாதமாக ஊரில் டெரக்குக்குத் தனி மரியாதை. ஏமாந்தாலும் வாக்குத் தவறாத மனிதர். பியருக்குக் காசு வாங்க மறுத்தார்கள்.

இன்று வரும் வழியில்கூட மேவிஸ் தன் கடமையை விடவில்லை. கிளப்பில் குலுக்கல் சீட்டு எடுத்துக்கொண்டிருந்த ஐரீன் குளிர்காலத்தில் இறந்துபோனாள். கல்யாணம் ஆகாதவள், உறவென்று யாருமில்லை. பெண்கள் அணியின் தலைவி என்ற முறையில் மேவிஸ்தான் வாரம் தவறாமல் அவள் கல்லறையில் பூ வைக்கிறாள். டெரக் கல்லறைத் தோட்டத்துக்குள் வரமாட்டார். ஈரம் ஆகாதாம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

திரையில் இறுதிச் சுற்று. பதினெட்டாயிரம் பவுண்டு. ஆளுக்கு இரண்டு அட்டை: 'பகிர்', 'பறி'. இருவரும் பகிர்ந்தால் பாதிப் பாதி. ஒருவர் மட்டும் பறித்தால் மொத்தமும் அவருக்கு. இருவருமே பறித்தால் யாருக்கும் ஒன்றுமில்லை.

எதிரே கேரல். பள்ளிச் சமையலறையில் வேலை. சிவந்த கைகள். கிளப்பில் அவளைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

"உங்களை நம்பலாமா டெரக்?" என்றாள் திரையில்.

டெரக்கின் உதடு துடித்தது. "பிப்ரவரில என் பொண்டாட்டி போயிட்டா. அவ மேல சத்தியமாச் சொல்றேன், பகிர்தான் வைப்பேன்."

சொல்லிவிட்டு அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

கிளப்பில் எல்லாத் தலைகளும் மேவிஸ் பக்கம் திரும்பின.

பின்வரிசையிலிருந்து கென் கத்தினான். "ஏ மேவிஸு, செத்தவ மாதிரியே தெரியலையே! மலர்வளையத்துக்குக் கொடுத்த காசைத் திருப்பி வாங்கிக்கவா?"

சிரிப்பு வெடித்தது.

மேவிஸின் காது சிவந்தது. ஆனால் குரல் அசையவில்லை. "ஆட்டத்துல அழுது காட்டுறதும் ஒரு ஆட்டம்தான் கென். அவர் அவளை நம்ப வைக்கத்தான் பார்த்தாரு. அப்பவும் அந்தப் பொம்பளை என்ன பண்ணுறான்னு பாரு."

இவ்வளவு நன்றாக நடிக்க அவருக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாது. நாற்பது வருடத்தில், தன் தாயைப் புதைத்த அன்றுகூட, அவர் அழுததில்லை.

"சளி தாங்கல. கிளம்பலாமா?" என்றார் பக்கத்திலிருந்த டெரக், மிக மெதுவாக.

"உட்காருங்க."

கேரல் தன் அட்டையைத் திருப்பினாள்.

பகிர்.

டெரக் தன்னுடையதைத் திருப்பினார்.

பறி.

சாண்ட்விச் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். திரையில் கேரல் சிவந்த கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள். "செத்தவங்க மேல சத்தியம் பண்ணீங்களே..." என்பது மட்டும் கேட்டது.

ஏழு மாதமாகத் தனித்தனியாகச் சொன்னதெல்லாம் ஒவ்வொருவர் முகத்திலிருந்தும் மேவிஸிடம் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பணம் எங்கே?"

டெரக் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"டெரக். அந்தப் பணம் எங்கே?"

திரையில் தொகுப்பாளர் டெரக்கின் தோளில் கைபோட்டு அதையேதான் கேட்டார். "பதினெட்டாயிரம் பவுண்டு! என்ன செய்யப் போறீங்க சார்?"

திரையிலிருந்த டெரக் மூக்கை உறிஞ்சினார். வெட்கம் தெரியவில்லை. பல வருடம் சுமந்ததை இறக்கி வைத்தவர் போல இருந்தார்.

"ஒரு கல்லு வைக்கணும். நல்ல கல்லு, கறுப்புக் கிரானைட். அதுல தங்க எழுத்துல, பெரிசா, ஐரீன்னு."

இந்த முறை கென் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

மேவிஸ் நிமிர்ந்தே இருந்தாள். கோடையில் திடீரென்று முளைத்த அந்தக் கல்லை, யாரோ மரியாதை தெரிந்த குடும்பம் வைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் பாராட்டியவள் அவள்தான். இன்று மாலையும் அதன் தங்க எழுத்துக்களைத் துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கையுறையின் விரல் நுனியில் ஒரு சாமந்தி இதழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.